சிறிய தளங்களுக்குக் கணினி விளையாட்டு ஆக்குதல் பயனுடையதா?



கணினி விளையாட்டு என்றதும் அதை விளையாடுவதைப் பற்றியே நாம் எண்ணுகின்றோம். அதனை ஆக்குவோரின் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. உங்களிற் சிலர் எதிர்காலத்தில் விளையாட்டுகளை ஆக்கக்கூடும். அப்போது நீங்கள் முதலில் எதிர்கொள்ளும் வினாக்களில் ஒன்று, "இந்த விளையாட்டை எந்தத் தளத்திற்கு ஆக்குவது?" என்பதாகும். எல்லோரும் பயன்படுத்தும் தளத்திற்கு மட்டும் ஆக்கினாற் போதுமா? குறைந்த தொகையினர் பயன்படுத்தும் தளத்திற்கும் நேரத்தையும் பணத்தையும் செலவிட வேண்டுமா? இவ்வினாவுக்கு இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. இரண்டையும் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருவோம்.

தளம் என்றால் என்ன?

கணினியின் வன்பொருளும் அதனை இயக்கும் பணிசெயல் முறைமையும் சேர்ந்ததே தளம் எனப்படும். விண்டோஸ், அப்பிள் நிறுவனத்தின் மக், லினக்ஸ் என்பன இதற்கு எடுத்துக்காட்டுகள். ஒரு தளத்திற்கென எழுதப்பட்ட மென்பொருள் மற்றொரு தளத்தில் பொதுவாக அப்படியே இயங்காது. திரையில் படம் வரைவதற்கும், ஒலி எழுப்புவதற்கும், கோப்பைத் திறப்பதற்கும் ஒவ்வொரு பணிசெயல் முறைமையும் தனக்கென வேறுபட்ட வழிகளை வைத்திருக்கின்றது. ஆகவே ஒரு விளையாட்டை வேறு தளத்திற் கொண்டுவர வேண்டுமாயின் அதன் சில பகுதிகளைத் திருத்தி எழுத வேண்டும்.

ஸ்டீம் என்பது கணினி விளையாட்டுகளை இணையவழியாக விற்கும் பெரிய விற்பனை நிலையமாகும். அது மாதந்தோறும் வெளியிடும் கணிப்பின்படி அதன் பாவனையாளர் 100 பேரில் 90 இற்கும் மேற்பட்டோர் விண்டோஸைப் பயன்படுத்துகின்றனர். லினக்ஸைப் பயன்படுத்துவோர் நெடுங்காலம் 1 வீதத்தை அண்டியே இருந்தனர். 2025 ஒக்டோபரிலேயே அவர்களது பங்கு முதன்முறையாக 3 வீதத்தைத் தாண்டியது. இத்தகைய தளத்தையே சிறிய தளம் என இங்கு குறிப்பிடுகின்றோம்.

வேண்டாம் என்போரின் வாதம்

சிறிய தளங்கள் வேண்டாம் என்போர் கூறுவதை முதலில் நேர்மையாகக் கேட்போம். ஒரு விளையாட்டை ஆக்கிவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு புதிய பதிப்பையும் ஒவ்வொரு தளத்திலும் சோதித்துப் பார்க்க வேண்டும். பாவனையாளர் கேட்கும் உதவிகளுக்குப் பதில் அளிக்க வேண்டும். பணிசெயல் முறைமை மாறும்போது விளையாட்டையும் இற்றைப்படுத்த வேண்டும். நூற்றுக்கு ஒருவருக்காக இத்தனை வேலையா என்று அவர்கள் கேட்கின்றனர்.

இது வெறும் கற்பனை வாதமன்று. ரொக்கெட் லீக் என்னும் புகழ்பெற்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இது மக், லினக்ஸ் ஆகிய தளங்களிலும் இயங்கி வந்தது. 2020 மார்ச் மாதத்துடன் அவ்விரு தளங்களுக்குமான ஆதரவு நிறுத்தப்பட்டது. விளையாட்டின் வரைகலைப் பகுதியைப் புதிய தொழினுட்பத்திற்கு மாற்றும்போது அவ்விரு தளங்களுக்கும் தனியாக வேலை செய்ய வேண்டியிருந்தது. அவற்றில் விளையாடியோர் இரு தளங்களையும் சேர்த்தும் 0.3 வீதத்திற்குக் குறைவாகவே இருந்தனர் என நிறுவனம் காரணம் கூறியது. வணிகக் கண்ணோட்டத்தில் இம்முடிவைப் பிழை எனக் கூறுவது கடினம்.

இதற்கு முன்னரும் ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவில் 1998 ஆம் ஆண்டில் லோகி என்னும் மென்பொருள் நிறுவனம் தொடங்கப்பட்டது. விண்டோஸில் வெற்றி பெற்ற விளையாட்டுகளை லினக்ஸிற்கு மாற்றியமைத்து விற்பதே அதன் தொழில். சிவிலைசேசன், சிம் சிற்றி 3000, குவேக் 3 எனப் பெயர்பெற்ற விளையாட்டுகள் பலவற்றை அது லினக்ஸிற்குக் கொண்டுவந்தது. ஆயினும் வருமானம் செலவை ஈடுசெய்யவில்லை. 2002 ஜனவரியில் நிறுவனம் மூடப்பட்டது.

ஆகவே, "சிறிய தளத்திற்கு ஆக்கினால் பெரும் இலாபம் கிடைக்கும்" என்று எவரேனும் கூறினால் அதை நம்பிவிடாதீர்கள். ஆயினும் விடயம் அத்துடன் முடிந்துவிடுவதில்லை.

தலைகளை எண்ணினால் மட்டும் போதாது

முதலாவதாக, பாவனையாளரின் தொகை வேறு; அவர்கள் தரும் பெறுமதி வேறு. 2010 மே மாதத்தில் சிறிய குழுக்கள் ஆக்கிய சில விளையாட்டுகள் ஒரே பொதியாக இணையத்தில் விற்பனைக்கு வந்தன. ஹம்பிள் இண்டி பண்டில் என்பது அப்பொதியின் பெயர். விண்டோஸ், மக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் அவை இயங்கின. விலையை வாங்குபவரே தீர்மானிக்கலாம் என்பது அதன் சிறப்பு. 12 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பணம் சேர்ந்தது. லினக்ஸ் பாவனையாளர் ஒருவர் சராசரியாகக் கொடுத்த தொகை, விண்டோஸ் பாவனையாளர் ஒருவர் கொடுத்த தொகையைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

இதற்குக் காரணம் என்ன? பெரிய தளத்திலே ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் உண்டு. புதிய விளையாட்டொன்று வந்தால் அது கூட்டத்திலே காணாமற் போய்விடும். சிறிய தளத்திலோ விளையாட்டுகள் அரிது. நகரத்துச் சந்தையில் நூறு கடைகளுள் ஒன்றாக இருப்பதற்கும், கடையே இல்லாத கிராமத்தில் முதற் கடையைத் திறப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் போன்றது இது. கிராமத்தில் வாங்குவோர் குறைவுதான். ஆனால் அவர்கள் அக்கடையை மறக்கமாட்டார்கள்.

வழு அறிக்கைகள் கூறும் உண்மை

இரண்டாவதாக, சிறிய தளத்தின் பாவனையாளர் விளையாட்டின் தரத்தை உயர்த்த உதவுகின்றனர். மென்பொருளில் உள்ள பிழையை வழு என்கிறோம். வழுவைக் கண்டவர் அதனை எழுதி அனுப்புவது வழு அறிக்கை ஆகும். டெல்டா வி என்னும் விண்வெளி விளையாட்டை ஆக்கியவர் 2021 இல் தமது கணக்கைப் பகிரங்கமாக வெளியிட்டார். அப்போது விற்பனையான பிரதிகள் ஏறத்தாழ 12,000. அவற்றுள் லினக்ஸ் பாவனையாளர் வாங்கியவை ஏறத்தாழ 700. கிடைத்த வழு அறிக்கைகள் 1,040. அவற்றுள் லினக்ஸ் பாவனையாளர் அனுப்பியவை ஏறத்தாழ 400.

கணிதப் பாடத்தில் செய்வதைப் போல் வீதங்களைக் கணித்துப் பாருங்கள். விற்பனையில் லினக்ஸின் பங்கு 6 வீதத்திற்கும் சற்றுக் குறைவு. வழு அறிக்கைகளில் அதன் பங்கோ 38 வீதம். மேலோட்டமாகப் பார்ப்பவர், "6 வீதத்தினர் 38 வீதத் தொல்லை தருகின்றனர்; இத்தளத்தை விட்டுவிடுவதே நல்லது" என்று முடிவு செய்துவிடுவார். உண்மையிலேயே சிலர் அவ்வாறு முடிவு செய்ததும் உண்டு.

ஆனால் அந்த 400 அறிக்கைகளையும் பிரித்துப் பார்த்தபோது லினக்ஸிற்கு மட்டுமே உரிய வழுக்கள் மூன்றுதான் இருந்தன. ஏனையவை எல்லாம் எல்லாத் தளங்களிலும் இருந்த வழுக்கள். விண்டோஸ் பாவனையாளரும் அதே வழுக்களால் பாதிக்கப்பட்டனர். ஆனால் எழுதி அனுப்பியோர் சிலரே. லினக்ஸ் பாவனையாளர் பலர் வழுவை எவ்வாறு அறிவிக்க வேண்டும் என்று பழகியவர்கள். எப்போது நிகழ்ந்தது, எதைச் செய்தபோது நிகழ்ந்தது என விபரமாக எழுதுவார்கள். ஆகவே அந்த 700 பேரும் பணம் கொடுத்து விளையாட்டை வாங்கியதோடு, சம்பளம் வாங்காத பரிசோதகர்களாகவும் இருந்தனர் எனலாம்.

தரவுகளைப் பார்த்ததும் முடிவுக்கு ஓடக்கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஒரே எண்ணை இருவர் இரு விதமாக வாசிக்கலாம். எண்ணுக்குப் பின்னால் இருப்பது என்ன என்று கேட்பவரே சரியான முடிவுக்கு வருவார்.

ஒரு தளத்திற் செய்த வேலை மறு தளத்திற்கும் உதவும்

மூன்றாவதாக, சிறிய தளத்திற்காகச் செய்யும் வேலை பெரும்பாலும் வீணாவதில்லை. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2012 இல் தனது லெஃப்ட் 4 டெட் 2 என்னும் விளையாட்டை லினக்ஸிற்கு மாற்றியமைத்தது. தொடக்கத்தில் அது செக்கனுக்கு 6 படங்களை மட்டுமே காட்டியது. திருத்தங்கள் செய்த பின்னர் அது செக்கனுக்கு 315 படங்கள் வரை உயர்ந்தது. அதே கணினியில் விண்டோஸில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 270 படங்களையே காட்டியது. இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடியபோது, விண்டோஸ் வடிவத்திலும் வேகத்தைக் கூட்டும் வழிகள் தென்பட்டன. லினக்ஸிற்காக உழைத்திராவிட்டால் அக்குறை கண்ணிற் பட்டிருக்காது.

இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு டூம் என்னும் விளையாட்டாகும். ஐடி சொப்ட்வெயார் நிறுவனம் இதனை 1993 டிசம்பரில் டொஸ் என்னும் பணிசெயல் முறைமைக்கு வெளியிட்டது. அதனை ஆக்கியோர் தமது வேலைக்குப் பயன்படுத்தியது டொஸ் கணினி அன்று; மிகச் சிலரே வைத்திருந்த நெக்ஸ்ட் என்னும் கணினியாகும். இதனால் விளையாட்டின் பொதுவான பகுதியை ஒரு புறமும், திரை, ஒலி போன்ற தளத்திற்கு உரிய பகுதிகளை மறு புறமுமாகப் பிரித்து எழுத வேண்டியிருந்தது. 1994 இல் அந்நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் டெயிலர் அதனை லினக்ஸிலும் இயங்கச் செய்தார். அன்றைய நிலையில் அதனால் பெரும் வருமானம் எதுவும் வந்திருக்காது.

ஆனால் 1997 டிசம்பரில் டூமின் மூலச் செய்நிரலை யாவரும் பார்க்கும்படி வெளியிட நிறுவனம் விரும்பியபோது ஓர் இடர் தோன்றியது. டொஸ் வடிவத்தின் ஒலிப் பகுதி வேறொருவருக்கு உரிமையானது. அதனை வெளியிட அவர்களுக்கு உரிமை இல்லை. அப்போது கைகொடுத்தது லினக்ஸ் வடிவமே. அதன் செய்நிரலே உலகிற்கு வெளியிடப்பட்டது. இன்று டூம் புதிய கணினிகளிலும் கைபேசிகளிலும் மட்டுமன்றிக் கணிப்பான்களிலும் கூட இயங்குகின்றது. டொஸ் மறைந்த பின்னரும் டூம் வாழ்கின்றது. சிறிய தளமே அதனைக் காப்பாற்றியது எனக் கூறினால் அது மிகையாகாது.

தோற்றவர் விட்டுச் சென்ற கருவி

முன்னர் கூறிய லோகி நிறுவனத்திற்கு மீண்டும் வருவோம். அதன் முதன்மைச் செய்நிரலாளராக இருந்தவர் சாம் லான்ரிங்கா. அவர் 1998 இல் எஸ்.டி.எல். என்னும் செய்நிரல் நூலகத்தை ஆக்கியவர். திரை, ஒலி, சாவிப்பலகை, சுட்டி ஆகியவற்றை எந்தத் தளத்திலும் ஒரே கட்டளைகளாற் கையாள்வதற்கு அது உதவுகின்றது. லோகியின் வேலைகளிலே அது பண்பட்டது. நிறுவனம் 2002 இல் மறைந்தது, நூலகம் மறையவில்லை. இன்றும் எண்ணற்ற விளையாட்டுகள் அதன் மேல் இயங்குகின்றன. லான்ரிங்கா 2012 இல் வால்வ் நிறுவனத்திற் சேர்ந்தார்.

வால்வ் 2018 ஓகஸ்ட் மாதத்தில் புரோட்டன் என்னும் மென்பொருளை வெளியிட்டது. விண்டோஸிற்காக ஆக்கிய விளையாட்டுகளை லினக்ஸில் இயங்கச் செய்வது இதன் பணி. 1993 முதல் தன்னார்வலர்கள் பலர் சிறுகச் சிறுக வளர்த்த வைன் என்னும் மென்பொருளே இதற்கு அடிப்படை. அடுத்து 2022 பெப்ரவரியில், லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் டெக் என்னும் கைக்கருவி வந்தது. லினக்ஸின் பங்கு 3 வீதமாக உயர்ந்ததற்கு இக்கருவி ஒரு முக்கிய காரணம். பல ஆண்டுகளாகப் பயனற்றது என்று பலர் கூறிய வேலையின் மேலேயே இந்த வளர்ச்சி எழுந்தது.

இங்கே ஒரு வினா எழலாம். "புரோட்டன் போன்றவை இருக்கும்போது லினக்ஸிற்கெனத் தனி வடிவம் எதற்கு?" நியாயமான வினாதான். இன்றைய நிலையில் ஒவ்வொரு சிறு குழுவும் தனி வடிவம் ஆக்க வேண்டும் என்பது கட்டாயமன்று. ஆனால் தமது விளையாட்டு அங்கே ஒழுங்காக இயங்குகின்றதா எனச் சோதித்துப் பார்ப்பதும், இயங்காவிடில் திருத்துவதும் அவர்களது கடமை. மொழிபெயர்ப்பாளர் இருக்கின்றார் என்பதற்காகப் பேசுபவர் தெளிவின்றிப் பேசலாமா?

எப்போது பயன், எப்போது வீண்?

மேலே கண்டவற்றைத் தொகுத்து எமது கருத்தைக் கூறுவோம். சிறிய தளங்களுக்கு விளையாட்டு ஆக்குவது பயனுடையதே. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அது தொடக்கத்திலேயே திட்டமிடப்பட வேண்டும்.

ஒரே தளத்தை மட்டும் மனதிற் கொண்டு முழு விளையாட்டையும் எழுதிவிட்டு, கடைசியில் மற்றொரு தளத்திற்கு மாற்ற முனைந்தால் செலவு கூடும், வழுக்கள் பெருகும், வருமானம் அதனை ஈடுசெய்யாது. வீடு கட்டி முடித்த பின்னர் அத்திவாரத்தை அகலமாக்க முயல்வதைப் போன்றது அது. மாறாக, எத்தளத்திலும் இயங்கும் மொழியையும் நூலகத்தையும் முதல் நாளிலேயே தெரிவு செய்து, தளத்திற்கு உரிய பகுதிகளை வேறாக வைத்து எழுதினால், இரண்டாவது தளத்திற்கான மேலதிகச் செலவு மிகவும் குறைந்துவிடும். அவ்வாறாயின் ஒரு வீதத்தினர் கூடச் சுமையாகத் தோன்றமாட்டார்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இன்று பெரிதாக இருக்கும் தளம் நாளையும் பெரிதாக இருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. கொமடோர் நிறுவனத்தின் கணினிகள் 1980 களில் இலட்சக்கணக்கான வீடுகளில் இருந்தன. 1994 இல் அந்நிறுவனம் முறிந்தது. அப்பிள் தனது கைபேசிக்கான மென்பொருள் விற்பனையை 2008 இலேதான் தொடங்கியது. அன்று சிறியதாக இருந்த அத்தளம் சில ஆண்டுகளில் மிகப் பெரிய சந்தையாயிற்று. எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் இடாதவரே இத்தகைய மாற்றங்களைத் தாங்குவார்.

உங்களுக்கு இதில் என்ன?

மாணவர்களே, இது எங்கோ தொலைவில் உள்ளவர்களின் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். டக்ஸ் பெயின்ற் என்னும் சிறுவர்க்கான சித்திர மென்பொருளைப் பாருங்கள். லினக்ஸிற் சிறுவர் வரைவதற்கு ஏற்ற மென்பொருள் இல்லையே என்ற குறையைத் தீர்க்க, பில் கென்ரிக் என்பவர் 2002 இல் அதனை ஆக்கினார். பின்னர் அது விண்டோஸிற்கும் மக்கிற்கும் வந்தது. இலவசமாகவும் திறந்த மூலமாகவும் இருந்தமையால் தன்னார்வலர்கள் அதனைத் தத்தம் மொழிகளுக்குப் பெயர்த்தனர். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. சிறிய தளத்தில் உள்ளவர்களை எண்ணி ஒருவர் தொடங்கிய வேலை, தமிழ்ச் சிறுவருக்கும் வந்து சேர்ந்தது.

"எத்தனை பேர் பயன்படுத்துவார்கள்?" என்ற ஒரே வினாவைக் கொண்டு எல்லாவற்றையும் அளந்தால், தமிழில் மென்பொருள் ஆக்குவதும் இலாபமற்றது என்று ஒருவர் கூறிவிடலாம். தமிழில் விளையாட்டு எதற்கு, ஆங்கிலத்திற் போதாதா என்று கேட்கலாம். அந்த வினாவால் ஒதுக்கப்படுவோரின் இடத்தில் நின்று பார்ப்பதற்குத் தமிழ்மொழி மூலம் கற்கும் உங்களுக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

செய்நிரல் எழுதப் பழகுபவர்கள் இன்றே ஒரு சிறு முயற்சியில் இறங்கலாம். உங்களிற் பலர் பாடசாலையிற் பயிலும் பஸ்கால் மொழிக்கு ஃபிறீ பஸ்கால் என்னும் இலவசத் தொகுப்பான் உண்டு. அது விண்டோஸ், லினக்ஸ், மக் ஆகிய மூன்றிலும், அவற்றைவிடச் சிறிய பல தளங்களிலும் இயங்குகின்றது. எண்ணைக் கண்டுபிடிக்கும் எளிய விளையாட்டு ஒன்றை எழுதுங்கள். அதனை விண்டோஸிலும் லினக்ஸிலும் தொகுத்து இயக்கிப் பாருங்கள். ஒன்றில் இயங்கி மற்றொன்றில் இயங்காத வரி எது, ஏன் இயங்கவில்லை என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு பரீட்சைக்கும் உதவும். அதற்குப் பின்னரும் உதவும்.

சிந்தனைக்கு

1. டெல்டா வி விளையாட்டில், 100 லினக்ஸ் பாவனையாளருக்கு எத்தனை வழு அறிக்கைகள், ஏனைய 100 பாவனையாளருக்கு எத்தனை வழு அறிக்கைகள் எனத் தனித்தனியே கணிக்க. இவ்வேறுபாட்டிற்குரிய காரணத்தை விளக்குக.

2. லோகி நிறுவனம் தோல்வியுற்றது என்பதும், அதன் வேலை வீண்போகவில்லை என்பதும் ஒருங்கே உண்மையாவது எவ்வாறு?

3. "பெரும்பான்மையோருக்குப் பயன்படுவதை மட்டுமே ஆக்க வேண்டும்" என்னும் கூற்றை ஏற்றோ மறுத்தோ இரண்டு பந்திகளில் உமது கருத்தை எழுதுக. எதிர்த்தரப்பாரின் வாதம் ஒன்றையேனும் குறிப்பிட்டு அதற்கு விடையளிக்க.